கடைசி அடி விழுந்தபோது நிலத்தில் கிடந்தவர்கள்

1

இன்று காலை வானொலிக்காரன் மறுபடியும் தொடங்கிவிட்டான். ஒக்ரோபர் மாதம் வந்தால் இந்த நகரத்துக்கு ஒரு வியாதி பிடிக்கும். எங்கள் பேஸ்போல் அணி இரண்டாம் முறை உலகக் கிண்ணம் வென்ற நாளை நினைவுகூர்கிறார்களாம். "அந்தக் கடைசி அடி விழுந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உடனே அழையுங்கள்."

என் மகள் சுபா பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, யு ஷுட் கோல். சீரியஸ்லி. உங்கட கதைதான் பெஸ்ட்."

"நிலத்தில கிடந்தனான் எண்டு சொல்லவோ?" என்றாள் என் மனைவி பரமேஸ்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. நல்லது. கேட்டிருந்தால், கார்த் தரிப்பிடத்தில் காசு வாங்குகிற என் கூண்டுக்குள் இருந்து அந்த அணியைச் சபித்துக்கொண்டிருந்தேன் என்று உண்மையைச் சொல்லியிருப்பேன். அதை வானொலியில் போடமாட்டார்கள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். உலக்கையின் தம்பி மாதிரி ஒரு மட்டை. ஒருவன் எறிவான். மற்றவன் பெரும்பாலும் அடிக்காமல் நிற்பான். அடிக்காமல் நின்றதையும் ஒரு நடுவர் குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவார். இடையிடையே எல்லோரும் துப்புவார்கள். எங்கள் ஊரில் இப்படித் துப்பினால் வெற்றிலை போடுகிறவர் என்று மன்னிக்கலாம். இவர்களுக்கு அந்தச் சாட்டும் இல்லை. மூன்று மணித்தியாலம் இப்படிப் போனபிறகு ஒருவன் உண்மையாகவே அடித்துவிடுவான். உடனே ஐம்பதினாயிரம் பேர் எழும்பி நின்று முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடிப்பார்கள். லிஃப்டில் ஏழு வருசமாக எனக்குக் காலை வணக்கம் சொல்லாதவர்கள்தான் இவர்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் என்பதால் நான் இப்படி எரிந்து விழுகிறேன் என்று நினைக்கக்கூடும். அது பாதிக் காரணம். மீதிப் பாதிக்குப் பெயர் கனகலிங்கம்.

2

கனகலிங்கமும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே அரசாங்கக் கந்தோரில் அடுத்தடுத்த மேசையில் இருந்தவர்கள். ஒரு பொது வேலைநிறுத்தம் வந்தது. சங்கம் சொன்னது, நான் வேலைக்குப் போகவில்லை. அரசாங்கம் வராதவர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. கனகலிங்கம் அந்த நாட்களிலும் வேலைக்குப் போனார். போனது மட்டுமல்ல, என் மேசை பெரிதென்பதால் அங்கே மாறி இருந்தார். பிறகு என் பதவியும் அந்த மேசையோடு சேர்ந்து அவரிடம் போனது. இப்படிப்பட்ட ஆளுக்குத் தமிழில் கருங்காலி என்று ஒரு சொல் உண்டு. நல்ல வைரமான மரம். அதன் பெயரை ஏன் கெடுத்தார்களோ தெரியாது.

அதற்குப் பிறகு நாடு எல்லோருடைய மேசையையும் புரட்டிப் போட்டது. நான் ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் உயர்ந்த கட்டிடத்தில் வந்து விழுந்தேன். ஒருநாள் உடுப்புத் தோய்க்கிற அறையில், சுழலுகிற இயந்திரத்தின் முன்னால் ஒருவர் திரும்பிப் பார்த்து, "ஐசே!" என்றார். கனகலிங்கம். என் வீட்டுக்கு நேர் மேலே இரண்டு மாடி தள்ளி. உலகப் படத்தில் இவ்வளவு இடம் இருந்தும்!

அவர் இங்கே ஒரு வான் வைத்து வேலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கினார். எந்த ஃபக்ரரியில் ஆள் குறைந்தாலும் விடிய ஆறுமணிக்கு எங்கள் கட்டிட வாசலில் அந்த வான் நிற்கும். இதைவிட, அவர் பேஸ்போல் பைத்தியம். அணியின் நீல ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கும் வருவார்; றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு முன்னால் அதைக் கழற்றி இடுப்பில் கட்டுவார்.

முதலாவது கிண்ணம் வென்ற அந்த இலையுதிர் காலத்தில், தெற்கே அமெரிக்காவில் நடந்த ஓர் ஆட்டத்தில், அந்த நாட்டுச் சிப்பாய்கள் கனடாக் கொடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள். நகரமே கொதித்தது. கனகலிங்கம் என் வீட்டுச் சோபாவில் இருந்து துள்ளி எழும்பினார்.

"எங்கட கொடியை, ஐசே! எங்கட கொடியை!"

அப்போது அவருடைய அகதி வழக்கே முடியவில்லை.

அவர் ஏன் என் சோபாவில் இருந்தார் என்று நீங்கள் கேட்பது நியாயம். சுபாவுக்காக. ஒன்பது வயதில் இங்கே வந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஒருவரோடும் பேசாமல் ஒதுங்கி நின்றவளைப் பேஸ்போல்தான் வாய் திறக்க வைத்தது. அதைப் பற்றி வீட்டில் பேசுவதற்கு என்னிடம் வந்தாள். நான், "உது ஒரு விளையாட்டோ?" என்றேன். அவள் லிஃப்டில் இரண்டு மாடி ஏறிப் போய், பதில் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "கனகு அங்கிள் நோஸ் எவ்ரிதிங்."

வென்ற அணியின் ஊர்வலத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் கனகு அங்கிள்தான். திரும்பி வரும்போது அவள் தோளில் ஒரு சின்ன நீல ஜக்கற் இருந்தது. என் மேசையை எடுத்தவர் இப்போது என் வீட்டுக்குள்ளும் ஒரு கதிரை தேடுகிறார் என்று எனக்குப் பட்டது. நாகரிகம் கருதி வெளியில் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி மட்டும் குறைத்துப் போட்டேன்.

3

அடுத்த வருசம் பரமேஸுக்கு வேலை கிடைத்தது. எங்கே? அந்த அணியின் ஸ்ரேடியத்துக்குள்ளே, சாப்பாட்டுக் கடையில்.

பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவள் சொசேஜ் பிரட்டப் போனாள். முதல் கிழமை மூக்கைப் பொத்தச் சேலைத் தலைப்பைத் தேடிய கை, சேலை இல்லாததால் சட்டையின் கழுத்தைப் பிடித்ததாம். மூன்றாம் கிழமை, "அது வெந்திட்டுதோ எண்டு மணத்திலயே சொல்லுவன்," என்றாள். அந்தக் கோடை முடிவதற்குள் அந்தக் கடைக்கு அவளே பொறுப்பு. சாவிக் கொத்து அவள் இடுப்பில். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவளை இவ்வளவு நிமிர்ந்த நடையில் நான் கண்டதில்லை. வேலைநிறுத்தத்தில் என் சம்பளம் நின்ற பிறகு வந்த வருசங்களில் அவள் குனிந்தே நடந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கூட வேலை செய்தவள் லூர்டஸ் என்ற பிலிப்பைன்ஸ் பெண். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் ஒரு கைப்பிடிதான். ஆனால் விடிய விடியக் கதைத்தாலும் தீராத சிநேகிதம்.

இனி, அந்தக் கடைசி அடி.

இறுதிச் சுற்று. எங்கள் அணி ஓர் ஓட்டத்தால் தோற்றுக்கொண்டிருந்தது. நான் ஸ்ரேடியத்துக்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில், கூண்டுக்குள், ஒரு புத்தகத்தோடு, தோற்கட்டும் என்று காத்திருந்தேன். தோற்றால் கார்கள் ஒழுங்காக வெளியே போகும். வென்றால் அவற்றின் கூரைகளில் ஏறி நின்று ஆடுவார்கள். இது என் அனுபவம்.

பரமேஸும் லூர்டஸும் கடையின் பின்பக்கம், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்புத் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் அவன் அடித்தான். பந்து வேலிக்கு மேலால் போனது. மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஆட்டமும் கிண்ணமும் ஒரே அடியில் முடிந்தன. இப்படி முடிவது இந்த விளையாட்டில் மகா அபூர்வமாம். ஐம்பதினாயிரம் பேர் ஒரே நேரத்தில் குழறினார்கள். கட்டிடம் அதிர்ந்தது. உள்ளுக்குள்ளேயே வாணம் வெடித்தார்கள்.

பரமேஸுக்குப் பேஸ்போல் தெரியாது. ஆனால் மேலே இருந்து வருகிற வெடிச் சத்தத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியும்.

"படு!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே லூர்டஸின் பிடரியில் பிடித்து இழுத்து விழுத்தி, தானும் முகங்குப்புற விழுந்தாள்.

அந்த அணியின் சரித்திரத்திலேயே பெரிய நொடியில் எல்லோரும் எழும்பி நிற்க, இரண்டு பேர் மட்டும் எண்ணெய்த் தரையில், காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார்கள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு லூர்டஸ் தலையைத் தூக்கி, "வட் இஸ் படு?" என்று கேட்டாளாம். பரமேஸுக்குச் சிரிப்பு வந்ததாம். எழும்ப முடியாத அளவுக்குச் சிரித்தார்களாம்.

அதற்குப் பிறகு லூர்டஸுக்கு அது ஒரு வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. வேலைக்கு வந்ததும் கடைக் கதவில் நின்று "படு!" என்பாள். பரமேஸ் வேண்டுமென்றே குனிந்து காட்டுவாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது. இங்கே பிறந்த பல பிள்ளைகளோடு ஒப்பிட்டால் மோசமில்லை.

4

அடுத்த கோடையில் விளையாட்டு வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள்.

சம்பளத்துக்கு உச்ச வரம்பு வைக்கவேண்டும் என்று முதலாளிமார் சொன்னார்களாம். வீரர்கள் மட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்த வருசத்துக் கிண்ணமே இல்லை என்று அறிவித்தார்கள். என் வீட்டில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்த அமைதி வந்திருக்கவேண்டும். வந்தது போர்.

சுபாவுக்குப் பதின்மூன்று வயது. "தே ஆர் ஸோ கிறீடி!" என்று சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் கிழித்தாள். ஒரே ஒருவனுடைய படத்தை மட்டும் விட்டு வைத்தாள். ஓடி வருகிறவன் தொடவேண்டிய இரண்டாவது பேஸில் காவல் நிற்கிறவன்.

கனகலிங்கம் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். "உவங்களுக்கு என்ன குறை, பிள்ளை? வராட்டி விடு. கம்பனிக்காரன் வேற ஆக்களைக் கொண்டுவந்து இறக்கட்டும். விளையாடத் தெரிஞ்சவன் ஊர் முழுக்கக் கிடக்கிறான்."

என்னால் இருக்க முடியவில்லை. "வேலைநிறுத்தம் செய்யிறவன் கோடீஸ்வரன் எண்டாலும் அவன்ர இடம் அவன்ர இடம்தான்," என்றேன்.

சுபா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பா, யு ஹேற் பேஸ்போல்!"

"ஓம். வெறுக்கிறன். ஆனா உவங்கள் செய்யிறது சரி."

என் வாழ்நாளில் நான் எடுத்த நிலைப்பாடுகளில் இதைப்போல ஒருவருக்கும் பிரயோசனமில்லாதது வேறில்லை. துப்பிக்கொண்டு திரிகிறார்கள் என்று நான் இகழ்ந்த கோடீஸ்வரர்களுக்காக, அவர்களை நேசித்த என் மகளோடு ஒரு கோடை முழுக்கச் சண்டை பிடித்தேன். அந்த வீரர்களுக்கு நான் இருப்பதே தெரியாது. என் பக்கம் நின்றிருக்கவேண்டிய பரமேஸும் என் பக்கம் இல்லை. ஸ்ரேடியத்தைப் பூட்டியதும் கடையும் பூட்டு. சாவிக் கொத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

அன்று அவள் சமையலறையில் நின்று, என்னைத் திரும்பிப் பாராமல் சொன்னாள். "என்ர சீவியத்தில ரெண்டு வேலைநிறுத்தம் கண்டிட்டன். ஒண்டிலயும் என்னை ஒருத்தரும் கேக்கேல்ல. ரெண்டிலயும் உலை வைக்க வழியில்லாமல் நிண்டது நான்."

நான் வாய் திறந்தேன்.

"சங்கக் கதை கதைச்சீங்கள் எண்டால் இந்த அகப்பையாலதான் தருவன்."

வாயை மூடினேன்.

5

உதவிப் பணம் கேட்க, வேலை இழந்தோர் அலுவலகத்துக்குப் பரமேஸோடு அவளுடைய மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண், பரமேஸின் முகத்தைப் பார்த்தாள்.

"வேலை நின்ற காரணம்?"

"வேலைநிறுத்தம்," என்றேன்.

"அப்படியானால் இவர் வேலைநிறுத்தத்தில் பங்குபற்றுகிறாரா?"

"இல்லை. அவர்கள் பேஸ்போல் வீரர்கள். இவர் சொசேஜ்."

"இவரும் அணியைச் சேர்ந்தவரா?"

நான் பரமேஸைப் பார்த்தேன். குளிர்ச் சப்பாத்து, என்னுடைய பழைய கோட், தலையைச் சுற்றிக் கம்பளித் துணி. எந்த இடத்தில் நிறுத்தி விளையாடவிடலாம் என்று யோசித்தேன். கடைசியில் அந்தப் பெண் மேலதிகாரியிடம் கேட்கவேண்டும் என்றாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். குளிர்காலம் அப்படியே போனது. லூர்டஸ் நகரத்தைவிட்டு ஒஷாவாவில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஏதோ பொதி கட்டுகிற ஃபக்ரரியில் வேலையாம். போன் எடுக்கிறபோதெல்லாம் முதலில் "படு!" என்ற சத்தம் எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். பிறகு போனும் குறைந்துவிட்டது.

6

வசந்தம் தொடங்கும்போது முதலாளிமார் கனகலிங்கம் சொன்னதையே செய்தார்கள். பதிலாட்களைப் பிடித்து, அவர்களுக்கு அணியின் சட்டையை மாட்டி, புளோரிடாவில் பயிற்சி தொடங்கினார்கள். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. வேலைநிறுத்தக்காரருக்குப் பதிலாக வேறு ஆளை வைத்து வேலை வாங்கக்கூடாது. அதனால் ரொறொன்ரோ அணி தன்னுடைய சொந்த ஊர் ஆட்டங்களையும் புளோரிடாவிலேயே விளையாடுமாம். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த சட்டம் ஒன்றாவது இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். பிறகு வந்த அரசாங்கம் அதையும் எடுத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை பின்நேரம். கனகலிங்கம் எங்கள் சோபாவில் இருந்தார். பரமேஸுக்கு வேலை கொண்டு வந்திருந்தார்.

"ஒஷாவாப் பக்கம், தங்கச்சி. பொதி கட்டுற வேலை. திங்கள் விடிய என்ர வான்."

"அங்க வேலைநிறுத்தம் எல்லே நடக்குது?" என்றேன் நான். இந்த மாதிரிச் செய்திகளை நான் தவறவிடுவதில்லை.

"அது முன் கட்டிடம், ஐசே. நாங்கள் பின் கட்டிடம். எல்லாம் வேற பேரில கிடக்குது. சட்டம் எனக்கும் தெரியும்."

அப்போது ரீவியில் விளையாட்டுச் செய்தி ஓடியது. புளோரிடா வெயில். நீலச் சட்டைகள். இரண்டாவது பேஸில் ஒரு தொந்திக்காரன் பந்தைத் தவறவிட்டுவிட்டு இளித்தான்.

சுபா எழும்பி ரீவிக்குக் கிட்டப் போனாள். "ஹூ இஸ் தற்? அது அவர் நிக்கிற இடம். அவற்ற சட்டை. ஹி காண்ற் ஜஸ்ற் ஸ்ராண்ட் தெயர்!" திரையில் அவனுடைய முகத்தில் விரலை வைத்தாள். "ஹவ் கான் ஹி ஸ்மைல்?"

பரமேஸ் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து, முதல் கோப்பையைக் கனகலிங்கத்திடம் நீட்டினாள்.

"உன்ர அப்பான்ர மேசையிலயும் உப்பிடி ஒராள் வந்து இருந்தவர், பிள்ளை," என்றாள், நாளைக்கு மழை வரும் என்று சொல்லுகிற குரலில்.

"ரியலி? ஹூ?"

"உந்தா. தேத்தண்ணி குடிக்கிறார்."

கனகலிங்கம் குடிக்கவில்லை. கோப்பை வாய்க்கும் மடிக்கும் நடுவே நின்றது. சுபா அவரைப் பார்த்தாள். அவருடைய ஜக்கற்றைப் பார்த்தாள். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இத்தனை வருசம் நான் காத்திருந்த காட்சி இது. ஆனால் அதை எனக்குப் பரிசாகத் தர பரமேஸ் நினைக்கவில்லை. உடனே அவர் பக்கம் திரும்பினாள்.

"திங்கள் எத்தினை மணிக்கு வான், கனகு அண்ணை?"

7

"போகாதை," என்று அந்த ஞாயிறு முழுக்கச் சொன்னேன். "நான் எதுக்காக வேலையை இழந்தனான்?"

"உங்களுக்காக. இப்ப நான் எனக்காகப் போறன்."

என்னிடம் இருந்த புத்தகங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தேன். அவையும் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கள் விடிய ஜன்னலில் நின்று பார்த்தேன். கீழே பனிச் சேற்றில் வான் நின்றது. ஒவ்வொருவராக ஏறினார்கள், எல்லோரும் எங்கள் ஆட்கள்தான். பரமேஸ் ஏறும்போது மேலே பார்க்கவில்லை. பார்க்கமாட்டாள் என்று தெரிந்தும் நான் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றேன்.

மத்தியானத்துக்கு முன்பே கதவில் திறப்புப் போடுகிற சத்தம் கேட்டது. பரமேஸ் சப்பாத்தோடு உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். முகம் சிவந்திருந்தது. அழுதாளோ என்று பயந்தேன். சிரித்திருக்கிறாள். அவள் சொன்னதையும், அதே வானில் போன கீழ்மாடிக்காரர் பிறகு சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஃபக்ரரி வாசலில் ஒரு தகரப் பீப்பாவுக்குள் நெருப்பு எரிந்ததாம். அதைச் சுற்றி அட்டைகள் பிடித்தபடி ஆட்கள். வானைக் கண்டதும் வழியை மறித்து, "ஷேம்! ஷேம்!" என்று கத்தினார்களாம். வானுக்குள் இருந்தவர்கள் நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இதைவிட மோசமான கத்தல்களை எல்லாம் தாண்டி வந்தவர்கள். கனகலிங்கம் ஹோர்ண் அடித்து அடித்து உருட்டினார்.

அந்தக் கூட்டத்தில், கண் மட்டும் தெரியத் தொப்பி போட்ட ஒரு குள்ளமான பெண் பக்கத்து ஜன்னலுக்குக் கிட்ட வந்தாள். உள்ளே பார்த்தாள். பரமேஸைக் கண்டாள். லூர்டஸ்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். லூர்டஸின் கையிலிருந்த அட்டை மெல்லக் கீழே இறங்கியதாம். பிறகு, கோபத்திலோ, பழைய பழக்கத்திலோ, வேறு சொல் அந்த நேரம் வாயில் வராததாலோ, தன்னுடைய முழுத் தொண்டையாலும் கத்தினாள்.

"படு!"

வான் முழுக்கக் குனிந்தது.

பரமேஸ் மட்டும் அல்ல. முன் சீற், பின் சீற், எல்லோரும். ஒஷாவாப் பனியில், தமிழில், அந்தச் சொல் வெளியே இருந்து வந்ததும் யோசிப்பதற்கு ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. கீழ்மாடிக்காரர் தன் சாப்பாட்டுப் பெட்டியின் மேல் விழுந்து, சம்பல் சட்டையில் ஊற்றுப்பட்டது. கனகலிங்கம் பிறேக்கை அமத்திவிட்டு, நீல ஜக்கற்றோடு ஸ்ரியறிங்குக்குக் கீழே போய்விட்டார். வெளியே நின்ற வெள்ளைக்காரர்கள், ஒரு நொடியில் தலைகள் எல்லாம் மறைந்துபோன வானைப் பார்த்தபடி வாயடைத்து நின்றார்களாம்.

அந்த அமைதியில் முதலில் சிரித்தது லூர்டஸ். பிறகு, சீற்றுக்குக் கீழே இருந்து, பரமேஸ்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். மற்றவர்கள் நிமிர்ந்து இருந்து, தலைமயிரைச் சரி செய்துகொண்டு, கனகலிங்கத்தோடு உள்ளே போனார்கள். அவர்களையும் நான் குறை சொல்லவில்லை. கனகலிங்கத்தை மட்டும் சொல்லுகிறேன். அது என் தனிப்பட்ட உரிமை. பரமேஸ் அந்தப் பீப்பாவுக்குப் பக்கத்தில் லூர்டஸோடு கொஞ்ச நேரம் குளிர் காய்ந்துகொண்டு நின்றுவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் முகத்தில் என்னென்ன ஓடியதோ தெரியாது. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே விரலை நீட்டினாள்.

"ஒண்டும் கதைக்காதேங்கோ. உங்கட சங்கத்துக்காக இறங்கேல்ல."

"பின்னை?"

"அவளுக்கு முன்னால குனிஞ்சு கிடந்திட்டு, திரும்ப நிமிர்ந்து அதே வானுக்க இருக்கேலாமல் போச்சு. அவ்வளவுதான்."

மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டு, "அவங்கள் தந்த கோப்பி வாயில வைக்கேலாது," என்றாள்.

8

சித்திரையில் நீதிமன்றம் தலையிட்டு, வீரர்கள் மைதானத்துக்குத் திரும்பினார்கள். பரமேஸைக் கூப்பிட்டார்கள். சாவிக் கொத்துத் திரும்பவில்லை. கடை வேறொருத்தியின் பொறுப்பில். முதல் ஆட்டங்களில் சனம் இல்லை, வந்த சனமும் வீரர்களைப் பார்த்து ஊளையிட்டது. அணி அன்று தொடங்கித் தோற்றுக்கொண்டே இருக்கிறது. சில மாலைகளில் கூண்டுக்குள் இருந்து பார்க்கும்போது, கார்கள் ஒழுங்காக வரிசையில் வெளியே போகும். நான் கேட்ட வரம். சந்தோசம்தான்.

இன்று காலை, வானொலியில் நாலாவது ஆளும் தன் கதையைச் சொல்லி அழுது முடித்தபிறகு, சுபா தானே போனை எடுத்து எண்ணை அழுத்தி, தாயின் காதில் வைத்துவிட்டாள். பரமேஸ் தள்ளினாள். அதற்குள் மற்றப் பக்கம் குரல் வந்துவிட்டது. கடைசி அடி விழுந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள், மேடம்?

பரமேஸ் என்னைப் பார்த்தாள். மேலே, கனகலிங்கம் இருக்கும் திசையில், முகட்டைப் பார்த்தாள். பிறகு தன் ஒரு கைப்பிடி ஆங்கிலத்தில், மிக மரியாதையாகச் சொன்னாள்:

"ஐ ஆம் இன் த ஸ்ரேடியம், சேர். வித் மை ஃபிரண்ட். வீ டோன்ற் ஸீ எனிதிங்."

போனை வைத்துவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டாள்.